எல்லைக்கோடு தந்த சுதந்திரம்

புதுச்சேரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அடைக்கலம் தந்த ஊர் என்ற பெருமைதான் முதலில் வந்து நிற்கும். 1908இல் பாரதி வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். சென்னையில் நடத்த முடியாமல் போன ‘இந்தியா’ வார இதழ் இங்கே அச்சேறியது. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இந்த ஊரில் எழுதப்பட்டவை. இவற்றை வைத்து, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுக் குடியரசின் முழக்கம் கடல் கடந்து வந்து இங்கே வேர்பிடித்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. பாரதிக்குக் கிடைத்தது இரண்டு பேரரசுகளுக்கு நடுவே கிடந்த எல்லைக்கோட்டின் பயன். அந்தக் கோட்டுக்குள்ளேயே பிறந்து உழைத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

அந்தப் பயனும் எவ்வளவு மெலிந்தது என்பதை 1910 ஜூலையில் மார்செய் துறைமுகத்தில் நடந்தது காட்டுகிறது. பிரிட்டிஷ் காவலில் கப்பலில் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் கடலில் குதித்து நீந்திப் பிரெஞ்சு மண்ணை மிதித்தார். பிரெஞ்சுக் காவலரே அவரைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். விவகாரம் ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. சாவர்க்கரைத் திருப்பி அனுப்பும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சாவர்க்கரின் லண்டன் தோழரான ஐயர் அப்போது புதுச்சேரியில்தான் இருந்தார். அந்தச் செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. புதுச்சேரியிலும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள்; கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன. வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள் ஊர்ப் பிரமுகர்கள் ஐவரின் நற்சான்று காட்ட வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகமே விதி போட்டது. ‘இந்தியா’வைப் பிரெஞ்சுக்காரர்கள் தடுக்கவில்லை. எல்லைக்கு அப்பால் வாசகர்களிடம் போய்ச் சேராதபடி பிரிட்டிஷார் மறித்தார்கள். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதானார்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் வாக்குரிமையைக் காட்டுவார்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானியனுக்கு வாக்கு என்பது நினைப்பிலேயே இல்லாத காலத்தில், 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. 1881 ஆணைப்படி, தன் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’களும் உருவானார்கள். ஒடுக்கப்பட்ட சாதியார் பலருக்கு அது மெய்யாகவே ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் உள்ளூர் மன்றங்களுக்கு ஐரோப்பியர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் வைக்கப்பட்டது. ஒரு கைப்பிடி வெள்ளையர்களின் வாக்கு பெருந்திரளின் வாக்குக்கு ஈடாக எடை போட்டது. தேர்தல் நாளில் அடியாட்களின் ஆட்சி நடந்தது பிரெஞ்சிந்தியாவில் ஊரறிந்த சங்கதி. அதற்கும் முன்பே, 1848இல் அடிமை முறையை ஒழித்த அதே பிரான்சின் கொடியின் கீழ், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறத் தொடங்கியிருந்தார்கள்.

1936ஐ நினைத்தால் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. அந்த ஜூனில் பாரிஸில் லெயோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் சம்பளத்துடன் விடுப்பையும் சட்டமாக்கியது. புதுச்சேரி நெசவாலைகளில் வ. சுப்பையா முன்னின்று திரட்டிய தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. பிரான்சில் தொழிற்சங்கங்கள் 1884லேயே சட்ட ஏற்பு பெற்றவை. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தச் சட்டம் இங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். பாரிஸில் ஆண்டுகொண்டிருந்தது வலதுசாரி அரசு என்றாலாவது சமாதானம் சொல்லலாம்.

அடுத்த ஆண்டே எட்டு மணி நேரமும் சங்க உரிமையும் பாரிஸிலிருந்துதானே வந்தன என்று கேட்கலாம். வந்தன, உண்மை. வேறு ஆட்சியாக இருந்தால் சாவுக்குப் பிறகும் வராமல் போயிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாமதத்துக்குக் காரணம் மறதியல்ல. பாரிஸில் இயற்றும் சட்டம் தனி ஆணை இல்லாமல் குடியேற்ற நாட்டில் செல்லாது என்பதே ஏற்பாடு. உரிமை எந்தக் கடற்கரையில் நிற்க வேண்டும் என்பதை ஆள்பவர் குறித்துக்கொள்ள முடிந்தது. அடைக்கலத்தின் கதையும் இன்றுவரை அதுதான். 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவு அடைக்கலம் தேடும் உரிமையைச் சொல்கிறது. கொடுத்தே தீர வேண்டிய கடமையை எந்த அரசின் மீதும் சுமத்தவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் ஈழத்தமிழர்கள் அரசின் தயவில்தான் இருக்கிறார்கள்.

புதுச்சேரியின் கோடு கடைசியில் திசை மாறியது. 1947க்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் இந்தியப் பகுதிக்குள் போய் நின்று போராட வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்களில் சுப்பையாவும் ஒருவர்.