பழைய ஜெர்மன் கார்கள்: பராமரிப்பும் விதிகளும்

பழைய கார்களைப் புதுப்பித்துப் பேணும் ஆர்வத்துக்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று, கோயம்புத்தூரில் 2015 இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் (1893–1974) குடும்பத்தார் அமைத்தது. கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் மாதிரி அங்கே உள்ளது.

அந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கதையும் பழையதே. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, மகன்கள் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 106 கி.மீ. ஓட்டிச் சென்றார்; தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போவதைவிட அதிகம். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார்.

பிற்கால ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு ரேடியேட்டர் இல்லை. பின்புற எஞ்சினைக் காற்றே குளிர்விக்கிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் பட்டைகளையும் தேவையற்றவை என்று கழற்றிவிட்டால், நம் ஊர் வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். பழைய 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றுவோர் பலர். காவிரிப் படுகையின் ஈரத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், முதலில் பார்க்க வேண்டியது அடித்தகட்டின் துருவை.

2021 இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதி, 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 'விண்டேஜ்' பதிவு தருகிறது. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். இறக்குமதி கட்டுப்பாடு இருந்த காலத்தில் உதிரிபாகம் கிடைக்காமல் வேறு எஞ்சின் பொருத்திக் காரைக் காப்பாற்றியவர்களுக்கு இவ்விதி கடுமையானதே. மாற்றாத கார் பல கொட்டகையிலேயே துருப்பிடித்துப் போயிற்று.