அறநிதியும் நம் ஊரும்

1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ரோட்டரி சங்கங்களின் மாநாடு கூடியது. உலக நன்மைக்கென ஒரு நிலைநிதி வேண்டும் என அதன் தலைவர் ஆர்ச் கிளம்ப் அங்கே மொழிந்தார். கான்சாஸ் நகரச் சங்கம் அளித்த முதற்கொடை 26.50 டாலர். அந்நிதியே 1928இல் ரோட்டரி அறக்கட்டளை எனப் பெயர் பெற்றது. 1985இல் இளம்பிள்ளைவாத ஒழிப்பை அது மேற்கொண்டது. 2014 மார்ச் 27இல் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது.

உறுப்பினர் ஆண்டுதோறும் ஈயும் பணம் மூன்றாண்டு முதலீட்டில் இருந்து, பின் அதில் ஒரு பங்கு அவர்தம் ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்புகிறது. பெருந்திட்டமாயின், ஊராரின் தேவையை முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும் என்பது விதி. இவ்விதியை நாம் போற்றுகிறோம்.

ஆனால், ஊரார் எனப்படுவோர் யாவர்? நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அங்கே தொட்டி இல்லாமலில்லை. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும் கண்டனர். தொட்டி கட்ட நிதி போதும். இழிவைத் துடைக்க அது போதாது.

ஆகவே, தேவையைக் கேட்கும் அவையில் சேரியின் குரலும் ஒலித்தல் வேண்டும். விண்ணப்பம் வரையவும் கணக்குக் கேட்கவும் நம் பிள்ளைகள் கற்றிருத்தல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஆற்றிவரும் கல்விப்பணியின் பொருள் இதுவே.