முதிர்ந்த குரலுக்குச் செவிக்கடன்

நாம் குடியேறி வாழும் இப்புனே நகருக்கு இசைப்பெருமை தேடித்தந்த பண்டித பீம்சேன் ஜோஷியும், நம்மைப் போன்றே வெளியூரிலிருந்து வந்தவர்தாம். கன்னட நாட்டில் 1922-ஆம் ஆண்டு பிறந்த அவர், 11-ஆம் வயதில் குருவைத் தேடி இல்லம் துறந்து ரயிலேறினார். கையில் பணமில்லை; பாடியே வழி கடந்தார். ரயில்வே ஊழியராகிய நமக்கும் அச்சிறுவனைக் குறைகூற மனம் வருவதில்லை!

பின்னர் சவாய் கந்தர்வரிடம் குருகுலவாசம் செய்து தேர்ந்தார். 1952-இல் குருநாதர் மறையவே, 1953-இல் அவர் நினைவாக இந்நகரில் இசைவிழா கண்டார். அவ்விழாவில் 2007-ஆம் ஆண்டு, தமது 85-ஆம் வயதில், உடல் தளர்ந்த நிலையிலும் மேடையேறிப் பாடினார். அரை நூற்றாண்டாக அவரைக் கேட்டு வந்த ரசிகர்கள், இளமையின் இடிமுழக்கத்தை நாடியா அன்று அமர்ந்திருந்தனர்? அன்று, வாழ்நாளெல்லாம் தமக்கு வழங்கியவருக்குச் செவி கொடுக்கும் கடனைத் தீர்க்கவே அமர்ந்திருந்தனர்.

2008-இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பெற்ற அப்பெருந்தகை, 2011-இல் மறைந்தார். குருவின் பெயரோடு சீடர் பெயரும் இணைந்து விழா இன்றும் நடைபெறுகிறது.

அன்பர்காள்! நம் சங்க மேடையில் முதியோர் பாடுங்கால், பந்திக்கு விரையாது இறுதிவரை அமர்ந்து கேட்போமாக.