அப்பாருவின் ஹெச்.எம்.டி. வாட்சைத் தூக்கிப் போடாதீர்கள்

நம் குடியிருப்பில் எத்தனை வீட்டு பீரோவில் ஓடாத ஹெச்.எம்.டி. வாட்ச் ஒன்று கிடக்கிறதோ! போன மாதம் அலமாரியை ஒழித்தபோது எங்கள் அப்பாருவின் 'ஜனதா' கைக்கு வந்தது. டயல் மஞ்சளாகியிருந்தது. சாவி கொடுத்தால் நாலு டிக், அப்புறம் சத்தமே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், பழைய சாமான்காரரிடம் போடுமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-ல் லேத் போன்ற இயந்திரங்கள் செய்யத்தான் பெங்களூரில் தொடங்கப்பட்டது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வாட்ச் தயாரிப்பில் இறங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன், பார்வையற்றோர் தொட்டு நேரம் அறியும் பிரெய்ல் வாட்ச் என்று வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கையில் ஏறியது பெரும்பாலும் இதுதான்.

1969-ல் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. நம் ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. பேட்டரி வாட்ச் மலிந்தபின் தினம் சாவி கொடுக்க யாருக்குப் பொறுமை? 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

சிக்கல் அங்கேதான். கம்பெனி இல்லையென்றால் ஸ்பேர் இல்லை. பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய நிட்டிங் மெஷினுக்குப் பாகம் கிடைக்காவிட்டால் உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குத்தானே ஓடுகிறோம்? வாட்சிலும் அதே கதைதான். அளவுதான் வேறு.

ஜனதாவின் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை, அதாவது ஒரு நாளைக்கு 4,32,000 முறை ஆடுகிறது. அதைத் தாங்குவது பேலன்ஸ் ஸ்டாஃப் என்ற சின்ன அச்சு. இரு முனைகளும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். வாட்ச் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது இதுதான். மாற்று கிடைக்காவிட்டால் கைதேர்ந்தவர் எஃகுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி நீலம் பாயும்வரை சூடாக்கிப் பதம் செய்கிறார். பிறகு மேஜை மேலிருக்கும் குட்டி லேத்தில், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடைகிறார். ஒரு இழை அதிகம் சீவிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாவித் தண்டு செய்வது இதைவிடச் சுலபம். கண்ணாடி இன்னும் சுலபம், அக்ரிலிக்தான்.

எல்லாவற்றையும் கையால் செய்ய முடியாது. ஹேர் ஸ்பிரிங், மாணிக்கக் கல் இரண்டும் ரிப்பேர் மேஜையில் உருவாகாது. அதே மாதிரி இன்னொரு வாட்சிலிருந்துதான் கழற்ற வேண்டும். நாம் எடைக்குப் போடும் வாட்ச் அப்படி வேறொரு வாட்சுக்கு உயிர் கொடுக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. 'புத்தம் புதிய பழைய ஹெச்.எம்.டி.' என்று ஆன்லைனில் விற்பவற்றில் பல, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலைந்து வாட்சின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தவை. உங்கள் வாட்சைக் கொடுக்கும்போதும் டயலைத் தொடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும், அது அப்பாரு கட்டிய டயல்.

எங்களுடையது இப்போது ஒரு பெரியவரின் மேஜையில் இருக்கிறது. ஸ்டாஃப்தான் ஒடிந்திருக்கிறதாம். கடைந்து பார்க்கிறேன், மூன்று வாரம் ஆகும் என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்க யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு லென்ஸை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டார்.