நெஞ்செரிவு: குளிசைக்கு முன்னும் பின்னும்

குண்டசாலை, திகன வீதியில் எந்தப் பாமசியில் பத்து நிமிடம் நின்றாலும் யாராவது ஒருவர் வந்து "கஸ்ரைற்றிஸுக்கு ஒரு காட் குடுங்க" என்று கேட்பார். வயிற்றில் வரும் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. பசியில் வயிறு புகைந்தாலும், சாப்பிட்டபின் ஊதினாலும், நடுச்சாமத்தில் நெஞ்சு எரிந்து தொண்டைக்குள் புளிநீர் வந்தாலும் கஸ்ரைற்றிஸ்தான். ஆனால் கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் வேறு கோளாறு. இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவருவது அது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடுவது அதன் வேலை. அது அடிக்கடி தளர்ந்தாலோ, வயிறு முட்ட நிறைந்து கீழிருந்து அழுத்தினாலோ அமிலம் மேலேறும். அமிலத்தைத் தாங்கும் படலம் இரைப்பைக்கு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு இல்லை. எரிவு அதனால்தான்.

போருக்குள் வாழ்ந்து வந்தவர்களிடம் இதைப் பேசும்போது மூன்று விடயங்களைச் சேர்த்தே பேச வேண்டும். முதலாவது நோக்குளிசை. உடம்பில் இன்னும் செல்துண்டு இருப்பவர்கள், காயப்பட்ட காலோடு வேலைக்குப் போகிறவர்கள் டைக்குளோபினாக், இபுப்ரோபன் போன்றவற்றை வருடக்கணக்கில் போடுகிறார்கள். இவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை, நெஞ்செரிவையும் கூட்டும். வன்னியிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா ஒருவர், காலை நோவுக்கு ஒன்று, அந்தக் குளிசை தரும் எரிவுக்கு இன்னொன்று என்று போடுகிறார். இரண்டையும் எழுதிக்கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். கிளினிக் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. சில இரத்த அழுத்தக் குளிசைகளும் அந்த வளையத் தசையைத் தளர்த்தும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது தூக்கம். தூக்கம் கெட்டவர்களுக்கு அதே அளவு அமிலம் கூடுதல் எரிவாக உறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "மனசுல உள்ளதுதான் வயித்துல" என்று யாராவது சொன்னால் அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது.

மூன்றாவது, நெஞ்சு நோவு எல்லாம் நெஞ்செரிவு அல்ல. நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போன்ற நோவு, இடது கை, தோள், தாடைக்குப் பரவுவது, வியர்வை, மூச்சு முட்டுவது, இவை இருந்தால் ஈனோ கரைத்துக் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வெறும் வயிற்றுக் கோளாறு மாதிரியும் வரலாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, 2018இல் வடக்குக்கும் வந்தது. நமக்கு 1990 என்றால் வேறு நினைவுகள்தான் வரும். அதனாலேயே எண் மறக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் உறைப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். உறைப்பு சிலருக்கு எரிவைத் தரும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. எவ்வளவு சாப்பிடுகிறோம், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதற்குத்தான் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பகல் முழுக்க பிளேன்டீயும் பிஸ்கட்டும், இரவு ஒன்பதரைக்கு ஒரு பெரிய கொத்துரொட்டி, பத்து மணிக்குப் படுக்கை. கடைவேலை, கட்டட வேலை செய்பவர்களின் நாள் பெரும்பாலும் இப்படித்தான். கொழுப்புக் கூடிய உணவு இரைப்பையை விட்டு இறங்க நேரமெடுக்கும். அதோடு படுத்தால் அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் வேண்டும். அது முடியாதவர்கள் பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாற்றி, இரவில் இரண்டு மூன்று இடியப்பம், தண்ணியான பருப்பு, அவித்த மரக்கறி என்று குறைக்கலாம். கட்டிப்பால் விட்ட சொதி சிலருக்கு ஒத்துவராது. முதற்பாலைக் குறைத்து வைத்துப் பாருங்கள். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ கடையில் விற்கிற இலைக்கஞ்சி காலை வெறும் வயிற்றுக்கு நல்ல தொடக்கம். வல்லாரையோ முருங்கை இலையோ போட்டு வீட்டிலும் காய்ச்சலாம்.

தேயிலை விடயம் கண்டிப் பக்கத்தில் கொஞ்சம் சிக்கல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவில் பயிரிட்ட நாளிலிருந்து இந்த மலைகளில் பசிக்குப் பதிலாகவும் தேத்தண்ணிதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை விடச் சொல்வது எளிதல்ல. விடத் தேவையுமில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 43,000 தாதிப் பெண்களிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஐந்து பழக்கங்களைப் பார்த்தது: அளவான உடல் எடை, புகைக்காமை, தினமும் அரை மணித்தியால உடற்பயிற்சி, கோப்பி, தேநீர், சோடா எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேற்படாமை, மரக்கறியும் தானியமும் கூடிய உணவு. இந்த ஐந்தும் இருந்தால் நெஞ்செரிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிர்க்கப்படலாம் என்பது அதன் கணிப்பு. வெறும் வயிற்றில் குடிக்கும் முதல் கோப்பையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளுவதே எங்கள் பக்கத்தில் நல்ல முதற்படி.

படுக்கையில் செய்யும் மாற்றத்துக்குச் செலவு கிடையாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், வயிறும் அழுத்தப்படும். பாயில் படுப்பவர்கள் ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, இடுப்பிலிருந்து தலைவரை உயரும்படி அதன்மேல் பாய் விரிக்கலாம். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே கிடக்கும், அமிலம் ஏறுவது குறையும்.

அப்பச்சோடாவைத் தண்ணீரில் கலந்து குடிப்பது உடனே சுகம் தரும். அதில் சோடியம் அதிகம் என்பதால் பிரஷர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. முன்பு எல்லோரும் போட்ட ரனிற்றிடினை, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு காரணமாக, சந்தையிலிருந்து முற்றாக எடுக்கும்படி 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து அதிகாரசபை கேட்டது. பழைய காட் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

விழுங்கும்போது சாப்பாடு தடைப்படுவது, காரணமின்றி மெலிவது, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், இரத்தச்சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் என்டொஸ்கொப்பி பற்றிக் கேட்க வேண்டும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் விழுங்கக் கஷ்டம் வந்தபின் ஒரு வாரமும் தள்ளிப்போடக் கூடாது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் இந்த நாட்டில் அரிதானதல்ல.

ஒமெப்பிரசோல் நல்ல மருந்து, பயப்படத் தேவையில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்து எரிவு வந்தபின் போட்டால் பலன் குறைவு. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன் போடவேண்டும். வழமையாக எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் போட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கலாம். அந்த எரிவைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று மறுபடி காட் வாங்கப் போகாமல், படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று வைத்தியரிடம் கேளுங்கள்.