கழக்கூட்டத்தில் பிரியும் வழி

மும்பையை அடுத்த பன்வேலில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 66, மேற்குக் கடற்கரையை ஒட்டியே 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கன்னியாகுமரியில் முடிகிறது. கோவா, மங்களூர், கோழிக்கோடு, கொச்சி, கொல்லம் எல்லாவற்றையும் தாண்டி, திருவனந்தபுரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் கழக்கூட்டத்தில் அது திசை மாறுகிறது. பழைய சாலை தென்கிழக்கே மேட்டில் ஏறி ஊருக்குள் போகிறது. புதிய சாலை தெற்கே கடலோரமாக இறங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. உள்ளூரில் அதற்கு ஒரே பெயர்தான்: பைபாஸ்.

இந்தச் சந்திப்பிலிருந்து மேற்கே கடற்கரை வரை சில கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தில் திருவிதாங்கூரின் இருநூறாண்டுப் போக்குவரத்து வரலாறு முழுவதும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒவ்வொரு காலமும் தனக்கென்று ஒரு வழியைப் பழையதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டது. பழையதை யாரும் மூடவில்லை, கவனிக்கத்தான் மறந்தார்கள்.

கழக்கூட்டம் என்ற பெயர் திருவிதாங்கூர் வரலாற்றில் முதலில் ஒலிப்பது சண்டைச் சத்தத்தோடுதான். வேணாட்டு அரசர்களை எதிர்த்து நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அந்த எட்டுக் குடும்பங்களையும் வேரோடு ஒழித்தார். வீடுகளை இடித்து, அந்த இடத்தில் குளம் தோண்டினார்கள் என்பது இன்றும் அந்தப் பக்கத்தில் வழங்கும் செய்தி. பள்ளிச்சல், வெங்ஙானூர், செம்பழந்தி என்று மற்றப் பிள்ளைமாரின் ஊர்ப் பெயர்களும் இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளிலோ அவற்றின் கிளைச் சாலைகளிலோ தென்படுகின்றன. தலைநகருக்கு வரும் வழிகளைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அரசன் அவர்களைத் தீர்த்துக்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அந்தக் காலத்துத் திவான் ராஜா கேசவதாசின் பெயரில்தான் கேசவதாசபுரம் இருக்கிறது. அங்கமாலி வரை போகும் எம்.சி. ரோடு அங்கிருந்துதான் கிளம்புகிறது. கழக்கூட்டத்திலிருந்து காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாக வரும் பழைய நெடுஞ்சாலையும் அங்கேதான் வந்து சேர்கிறது. பிறகு பட்டம், பாளையம், கிழக்கே கோட்டை, கரமனை, பள்ளிச்சல், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று இறங்கி, களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

ஆனால் வடக்கே போகிறவர்கள் வெகுகாலம் இந்தச் சாலையை நம்பவில்லை. அவர்களின் வழி தண்ணீர். 1820களில், ராணி கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, திருவனந்தபுரத்தின் வள்ளக்கடவையும் கடினங்குளம் காயலையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: பார்வதி புத்தனாறு. கழக்கூட்டத்துக்கு மேற்கே கிடக்கும் கடினங்குளத்திலிருந்து வள்ளம் வடக்கே போகும். வர்க்கலையில் செம்மண் குன்று குறுக்கே நின்று மறிக்கும். அங்கே சரக்கை இறக்கித் தரைவழியாகச் சுமந்து, மறுபக்கம் வேறு வள்ளத்தில் ஏற்றினார்கள். திவான் மாதவ ராவ் காலத்தில் அந்தக் குன்றைக் குடைய ஆரம்பித்து, 1880 வாக்கில் இரண்டு சுரங்கங்களும் முடிந்தன. அதன் பிறகு கயிறும் கொப்பரையும் மிளகும் கீழே இறங்காமலேயே தலைநகருக்கு வந்தன.

மன்னர் சாலை போட்டார், திவான் கால்வாய் வெட்டினார் என்று எழுதுவது எளிது. அந்தச் சாலையில் யார் நடக்கலாம் என்பது வேறு கதை. பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்ற உத்தரவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூரில் இருந்தது. இருந்தும் புலையர் அதில் கால்வைத்தால் அடி விழும். விழிஞம் பக்கத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, கழுத்தில் மணி கட்டி, தலைப்பாகையும் வேட்டியுமாக அதில் ஏறி உட்கார்ந்து பொதுச்சாலையில் ஓட்டினார். வில்வண்டி அன்று மேல்சாதிக்காரர்கள் மட்டும் ஏறும் வாகனம். மறித்தவர்களை அவர் எதிர்கொண்டு நின்றார். வண்டி நிற்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கூட்டமாகச் சாலையில் நடந்தார்கள். பாலராமபுரத்தில் அது பெரிய அடிதடியாகவே முடிந்தது. இந்தப் பகுதியின் சாலை வரலாற்றில் எந்தத் திவானின் பெயரைவிடவும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அய்யன்காளிதான். கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட தடம் பொதுச்சாலை ஆனது அவரைப் போன்றவர்களால். முப்பது ஆண்டு கழித்து, 1924இல், வைக்கத்திலும் போராட்டம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகத்தான் நடந்தது. அதற்காகப் பெரியார் கிடந்த சிறைகளில் ஒன்று திருவனந்தபுரம் மத்தியச் சிறை.

1918இல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தது. ஊரின் விளிம்பிலுள்ள சாக்கையோடு அது நின்றுவிட்டது. தம்பானூர் வரை நீட்ட 1931 ஆயிற்று. அந்தத் தடத்தில் கழக்கூட்டமும் ஒரு நிலையம். கால்வாய்க்குக் கேடுகாலம் அப்போது தொடங்கியது. மோட்டார் வண்டி வந்ததும் அது முற்றியது.

திருவிதாங்கூர் அரசு பேருந்துத் துறையை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கியது. அதை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து ஈ.ஜி. சால்டர் என்ற அதிகாரியை வரவழைத்திருந்தார்கள். சித்திரைத் திருநாள் மகாராஜாவும் குடும்பத்தாரும் ஏறிய முதல் பேருந்தை ஓட்டியவர் சால்டரேதான். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேசிஸ். மேல்கூடு உள்ளூரில் கட்டியது. இன்று யானைச் சின்னத்தால் 'ஆனவண்டி' என்று மலையாளிகள் செல்லமாகக் கூப்பிடும் கே.எஸ்.ஆர்.டி.சி.க்கு அதுதான் பிறந்தநாள். அந்தத் துறையின் முதல் பெருவழி திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் அந்தச் சாலையைச் சிமென்ட் கான்கிரீட்டில் போட்டிருந்தார்கள். தாரைக்கூட அரிதாகப் பார்த்த கிராமங்களின் வழியே அது நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் வரை போனது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இந்தச் சாலையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை சாலை பழைய நாட்டையே நினைக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கெட்டு சரசுவதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் கிளம்பி, இதே வழியில் திருவனந்தபுரம் போகிறார்கள். களியக்காவிளையில் இந்தப் பக்கத்துப் போலீசும் அந்தப் பக்கத்துப் போலீசும் மரியாதை செலுத்துகின்றன. லாரிகளும் பேருந்துகளும் ஓரம் கட்டி நிற்கின்றன.

விடுதலைக்குப் பிறகு இந்தச் சாலைக்கு எண் 47. சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் வழியாகக் கன்னியாகுமரி வரும் நெடுஞ்சாலை அது. 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது இடப்பள்ளிக்குத் தெற்கே உள்ள பகுதி 66 ஆயிற்று. வடக்கே உள்ளது 544. கேரளத்தில் வயதானவர்கள் இன்னும் 'என்.எச். 47' என்றுதான் சொல்கிறார்கள்.

கழக்கூட்டம் அப்போதெல்லாம் ஒரு சந்தையும் ஒரு கோயிலும் ஒரு ரயில் நிலையமும் உள்ள சிற்றூர். 1962இல் சைனிக் பள்ளி வந்தது. மறு ஆண்டு நவம்பர் 21 அன்று பக்கத்துத் தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. ஆனால் ஊரின் முகத்தை மாற்றியது ராக்கெட் அல்ல. 1990இல் கே.பி.பி. நம்பியாரின் முயற்சியில் வைத்தியன்குன்றில் உருவான டெக்னோபார்க்தான். இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முந்திரித் தோப்பாகவும் புதராகவும் கிடந்த குன்றுகளில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. காலையில் பத்தாயிரக்கணக்கானவர்கள் ஒரே சந்திப்பை நோக்கி வர ஆரம்பித்தார்கள். அவர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பிள்ளைகளும் நிறையப் பேர்.

பைபாஸ் இதற்கு வெகு முன்பே திட்டமிட்டது. நோக்கம் எளிமையானது: கொல்லத்திலிருந்து குமரி போகும் வண்டி பாளையத்துச் சிக்னலில் நிற்க வேண்டாம். கழக்கூட்டத்தில் பிரிந்து, குளத்தூர், ஆக்குளம், வெண்பாலவட்டம், சாக்கை, ஈஞ்சக்கல், திருவல்லம், கோவளம் என்று ஊரின் மேற்கு விளிம்பில் கோடு கிழித்தார்கள். பல இடங்களில் அது புத்தனாற்றுக்கு அருகிலேயே போகிறது. இருநூறு ஆண்டுக்கு முன் கால்வாய் வெட்டியவர்களுக்குத் தோன்றிய அதே தாழ்நிலம்தான் பொறியாளர்களுக்கும் தோன்றியது. சாக்கைப் பக்கம் பாலத்திலிருந்து கீழே பார்த்தால் தண்ணீர் தெரியாது, ஆகாயத்தாமரைதான் தெரியும். கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டருக்கு மேற்குக் கடற்கரை நீர்வழியைத் திரும்பத் திறக்கும் திட்டத்தில் இந்தக் கால்வாயும் சேர்ந்திருப்பதால், இப்போது அதைத் தூர்வாரும் பேச்சும் வேலையும் அவ்வப்போது நடக்கின்றன.

பைபாஸ் ஒரே மூச்சில் வரவில்லை. துண்டு துண்டாக, இருவழித் தடமாகப் பல பத்தாண்டுகள் இழுத்தது. கழக்கூட்டத்திலிருந்து விழிஞம் பக்கத்து முக்கோலை வரை 26 கிலோமீட்டர் சொச்சத்தை நான்கு தடமாக்கும் வேலை 2015இல்தான் தொடங்கியது. முக்கோலையிலிருந்து தமிழக எல்லையை ஒட்டிய காரோடு வரை இன்னொரு 16 கிலோமீட்டர். இந்தக் கடைசித் துண்டைக் கான்கிரீட்டில் போட்டார்கள். சி.பி.யின் சாலைக்கு எண்பதாண்டு கழித்து, அதே திசையில், மறுபடியும் சிமென்ட். 2021 ஆகஸ்டில் திருவல்லத்தில் சுங்கச்சாவடி திறந்தபோது பக்கத்து மக்கள் வாரக்கணக்கில் அதை மறித்துப் போராடினார்கள். சாலை தங்கள் ஊரை இரண்டாகப் பிளந்த பிறகு, கடைக்குப் போய்வரவும் காசு கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

நகரத்தை விலக்கிப் போவதற்காகப் போட்ட சாலையைத் தேடி நகரமே வந்துவிட்டது. டெக்னோபார்க்கின் மூன்றாம் கட்டம், விமான நிலையத்தின் சர்வதேச முனையம், ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் திறந்த லுலு மால் எல்லாம் பைபாஸ் ஓரத்தில்தான். கழக்கூட்டம் ஜங்ஷனில் நெரிசல் பழைய நகரத்தையே தோற்கடித்தது. அதனால் பைபாசுக்கும் ஒரு பைபாஸ் தேவைப்பட்டது, இந்த முறை தலைக்கு மேலே. டெக்னோபார்க் மூன்றாம் கட்டத்தின் பக்கத்திலிருந்து சி.எஸ்.ஐ. மிஷன் மருத்துவமனை வரை சுமார் 2.7 கிலோமீட்டருக்குத் தூண்கள்மேல் நான்கு தட உயர்மட்டச் சாலை. வேலை நடந்துகொண்டிருந்த 2022 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் வந்து பார்த்தார். உலக விவகாரத்தைக் கவனிக்க வேண்டியவர் கழக்கூட்டம் மேம்பாலத்தைப் பார்க்க வருவானேன் என்று முதல்வர் பினராயி விஜயன் கேட்க, அந்தப் பாலம் நாடு முழுவதும் செய்தியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வண்டிகள் மேலே ஓடத் தொடங்கின.

கட்டிய காலத்தில் கீழே சர்வீஸ் ரோட்டில் கடை வைத்திருந்தவர்கள் பட்டது பெரும்பாடு. ஆண்டுக்கணக்கில் சேறும் பள்ளமும். வாசலில் வண்டி நிற்க இடமில்லை. இப்போது கொல்லம் போகிறவருக்குக் கழக்கூட்டம் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாமல் கடந்துவிடலாம். தேநீர்க் கடைக்கு அது நல்ல செய்தி இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்கு நல்லதுதான். பாலத்துக்கு அடியில் ஜங்ஷன் மறுபடியும் ஓரளவு ஊரின் ஜங்ஷனாகத் திரும்பியிருக்கிறது.

தூண்கள்மேல் போனது வேறு வகையிலும் சரியான முடிவு. இதே நெடுஞ்சாலையில் மலப்புரம் மாவட்டத்துக் கூரியாட்டில், வயல்மீது மண் கொட்டி உயர்த்திய பகுதி 2025 மே மாதம் சரிந்து விழுந்தது. ஈர நிலத்தில் மண்மேடு போடுவதற்கும் தூண் நடுவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. செலவு கூடும், ஆனால் தண்ணீரும் ஊரும் கீழே போய்வரலாம். குமரி மாவட்டப் பகுதியில் குளங்களும் வயல்களும் நெருக்கமாக இருப்பதாலும் மேடு போட மண் கிடைக்காததாலும், காரோட்டுக்கு இப்பால் நான்கு வழிச்சாலை வேலை ஆண்டுக்கணக்கில் தேங்கியது. நாகர்கோவில்காரர்கள் இன்னும் மார்த்தாண்டத்து நெரிசலில் வியர்த்துத்தான் திருவனந்தபுரம் போகிறார்கள்.

கழக்கூட்டத்துக்கு வடக்கே கதை வேறு. ஆறு தடமாக்க 45 மீட்டர் அகலம் வேண்டும்; கேரளத்திலோ சாலையின் இரு பக்கமும் வீடு, கடை, பள்ளிவாசல், கோயில், கல்லறை. முப்பது மீட்டர் போதும் என்று கட்சிகள் எல்லாம் ஒருமுறை சேர்ந்து சொல்லிப் பார்த்தன. கடைசியில் 45தான் நின்றது. நிலத்தின் விலை அங்கே அதிகம் என்பதால் கையகச் செலவில் கால்பங்கை மாநிலமே ஏற்றது. அந்த வகையில் மட்டும் சுமார் 5,580 கோடி ரூபாய் கொடுத்தது. கழக்கூட்டத்திலிருந்து கொல்லம் மாவட்ட எல்லையிலுள்ள கடம்பாட்டுகோணம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஒரு பகுதியாக எடுத்து வேலை நடக்கிறது. அதில் ஆற்றிங்கல் ஊருக்குள் போகாமல் ஒரு பைபாஸ்.

2024 ஜூலையில் விழிஞத்துக்கு முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி திறந்தது. அங்கிருந்து கன்டெய்னர் லாரிகள் வெளியேற வேண்டிய வழியும் பைபாஸ்தான். அது தாங்காது என்று அரசு முன்பே கணக்குப் போட்டுவிட்டது. விழிஞத்தில் கிளம்பி, நகரத்தைக் கிழக்கே வளைத்து, நாவாய்க்குளத்தில் நெடுஞ்சாலை 66ஐத் தொடும் வெளிவட்டச் சாலை ஒன்று வரைபடத்தில் இருக்கிறது. கழக்கூட்டத்துக்குச் சற்று வடக்கே மங்கலபுரத்தில் வந்து சேர அதற்கு ஒரு கிளையும் உண்டு. அதன் வழியில் நிலம் உள்ளவர்கள் அறிவிக்கை வந்த பிறகு விற்கவும் முடியாமல், அடகு வைக்கவும் முடியாமல், இழப்பீட்டுக்காகப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள்.