புல்லட்டுக்கும் சோழவரத்துக்கும் நடுவே

வியாசர்பாடி எருக்கஞ்சேரி ஹைரோடு. சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கம் ஒரு பழைய புல்லட், 'டப்... டப்... டப்...' என்று எண்ணி எண்ணி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100. அதன் மேல் மீசை முளைத்தும் முளைக்காத ஒரு பையன். ஹெல்மெட் கிடையாது. பச்சை விழுந்ததுதான் தாமதம், என் முகத்தில் நீலப்புகையை ஊதிவிட்டு ஆர்.எக்ஸ். பறந்துவிட்டது. புல்லட்காரர் அப்போதுதான் கிளட்சை விட ஆரம்பித்தார்.

பி.காம். படித்தவனுக்கு பிஸ்டன் கதை எதற்கு என்று கேட்பீர்கள். கணக்கு உதைக்கிறதே, அதனால்தான்! புல்லட் எஞ்சின் 346 சி.சி. ஆர்.எக்ஸ். வெறும் 98 சி.சி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பொடியன், பெரியவரை எப்படி முந்துகிறான்?

வியாசர்பாடியில் நின்று கேட்க வேண்டிய கேள்விதான் இது. இங்கிருந்து கிழக்கே, தண்டையார்பேட்டையைத் தாண்டினால் திருவொற்றியூர். புல்லட் பிறந்த வீடு. இதே ரோட்டில் வடக்கே மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம் என்று போனால் சோழவரம். இந்தியாவின் பைக் ரேஸ் வளர்ந்த இடம். இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்கிறோம்.

முதலில் திருவொற்றியூர். இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது, கே.ஆர்.சுந்தரம் அய்யரின் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் புல்லட்டைக் கேட்டு வாங்கியது. 1955-ல் இரண்டு கம்பெனிகளும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரும், இங்கே கோத்து முடிப்பார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் வெளியே வந்தவை 163 புல்லட்டுகள்.

இன்று நாம் 'ஆனை மாதிரி வண்டி' என்று சொல்கிற இந்த புல்லட், பிறப்பால் ஒரு விளையாட்டு வீரன். பெரும்பாலான பைக்குகளுக்குப் பின் சக்கரத்தில் ஒழுங்கான சஸ்பென்ஷன் இல்லாத காலத்தில், ஸ்விங் ஆர்ம் என்கிற ஆடும் கையைப் பின்னால் பொருத்திப் பார்த்தார்கள். 1948-ல் சர்வதேச ஆறு நாள் போட்டிக்குப் போன பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட் மாதிரி வண்டிகள் இருந்தன. அணி ஜெயித்தது. புல்லட் ஓட்டிய இருவருக்கும் தங்கப் பதக்கம். 1952-ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை ஜானி பிரிட்டன் ஜெயித்ததும் 350 புல்லட்டில்தான். கல்லும் சேறுமான மலைப்பாதைகளில் நடந்த போட்டிகள் அவை.

இப்போது சோழவரம். இரண்டாம் உலகப்போர் விட்டுப்போன ஒரு விமான ஓடுபாதை. போர் முடிந்தது, விமானம் போனது, கான்கிரீட் மட்டும் மிச்சம். 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கே கார் ரேஸும் பைக் ரேஸும் நடத்தியது. ரேஸ் நாளில் வடசென்னையே வடக்கு நோக்கிக் கிளம்பும். கோடீஸ்வரர்களின் கார்கள் ஒரு பக்கம், சொந்தப் பட்டறையில் இழைத்த பைக்குகள் ஒரு பக்கம். பார்ப்பவனுக்கு பஸ் சார்ஜ் இருந்தால் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி, யமஹாவின் ஆர்.டி.350-ஐ 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இங்கே இறக்கியது. அதன் எஞ்சின் 347 சி.சி. புல்லட் 346. ஒரே ஒரு சி.சி.தான் வித்தியாசம். ஆனால் புல்லட்டின் சக்தி 18 குதிரை, ராஜ்தூத்துக்கு 30.5 குதிரை. அதுவும் இந்தியாவுக்காக அடக்கி வாசித்தது. யமஹாவின் அசல் வண்டி 39.

ஒரே முதலீடு, லாபம் இரண்டு மடங்கு! எப்படி?

புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். பிஸ்டன் மேலும் கீழும் 90 மில்லிமீட்டர் ஓடுகிறது. அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நிதானமாக, ஆனால் பலமாக இழுக்கும். ஆர்.டி.க்கு இரண்டு சிலிண்டர், ஓட்டம் 54 மில்லிமீட்டர்தான். குட்டை ஓட்டம் என்பதால் பிஸ்டனை வேகமாகச் சுழற்றலாம். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் வெடிப்பு. ஆக, புல்லட் ஒரு முறை வெடிக்கிற இரண்டு சுற்றில் இது நான்கு முறை வெடிக்கும்.

இன்னொரு ரகசியம், சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் குழாயை வைத்தால், அழுத்த அலை சுவரில் பட்ட எதிரொலி மாதிரி திரும்பி வந்து, ஓடிய பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற இன்ஜினீயர் இதைச் செம்மைப்படுத்தினார். 1961-ல் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பியோடி, இந்த வித்தையை சுசுகிக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷமே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு. அந்த வித்தை ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகளில் பரவி, 1985-ல் ஆர்.எக்ஸ். 100 வழியாக வியாசர்பாடிக்கும் வந்து சேர்ந்தது! 98 சி.சி.யில் 11 குதிரை. வண்டி எடை சுமார் 100 கிலோ. புல்லட் 160 கிலோவுக்கு மேல். சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய சமம். சிக்னலில் முதலில் சீறுவது சின்னது.

அப்படியென்றால் தங்கப் பதக்கம் வாங்கிய புல்லட் ஏன் அங்கேயே நின்றது? இன்ஜினீயர்களைக் குறை சொல்லாதீர்கள். அது லைசென்ஸ் காலம். இறக்குமதிக்குத் தடை, போட்டிக்கு ஆள் குறைவு, ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கையாளர்கள். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இங்கிலாந்து தொழிற்சாலைகள் 1970-க்குள் மூடிவிட, 1977-ல் நம் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! முயற்சி இல்லாமலும் இல்லை. ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பில் 'ஃப்யூரி' என்று 163 சி.சி. வண்டி செய்தார்கள். 5 கியர், முன்னால் டிஸ்க் பிரேக். நம்மூர் அதற்குத் தயாராக இல்லை, விற்கவில்லை. 1994-ல் கம்பெனி ஐஷர் வசம் போனது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்ற பேச்சுகூட வந்தது. பிறகு பிழைத்து எழுந்து, 2018-ல் இரட்டை சிலிண்டர், 47 குதிரையோடு கான்டினென்டல் ஜி.டி. 650 கொண்டுவந்தார்கள். 2021-லிருந்து அதை வைத்தே ரேஸும் நடத்தினார்கள்.

சோழவரம்? கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் கட்டியது. 1990-ல் ரேஸ் அங்கே போனது. சரியான முடிவுதான். ஓடுபாதை ஓரத்தில் கூட்டம் நிற்க, பைக் சறுக்கினால் என்ன ஆகும்? ஆனால் வடசென்னைப் பையனுக்கு ரேஸ், கூப்பிடு தூரத்திலிருந்து ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது.

அன்று சிக்னல் தாண்டி ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயசு. சிறுவனாக சோழவரம் போய் ரேஸ் பார்த்து, அந்தச் சத்தத்தில் மயங்கியே இந்தத் தொழிலுக்கு வந்தவராம். சுவரில் பழைய ஆர்.எக்ஸ். சைலன்சர் ஒன்று தொங்கியது.

"விலைக்கா?" என்றேன்.

"இல்ல சார். ஒரு பையன் கேட்டான், பிரிச்சு செஞ்சு குட்தேன். வண்டி நல்லாதான் போச்சு. எண்ணூர் ரோட்ல ராத்திரி ரேஸ் வுட்டான். லாரிக்கு அடில பூட்டான். அவங்கம்மா இத்த கொண்டாந்து குட்துட்டுப் போச்சு. அப்பால நான் யாருக்கும் சைலன்சர்ல கை வெக்கிறதில்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

"வேகம் தப்பில்ல சார். சோழவரத்துலயும்தான் பறந்தானுங்க. ஆனா அங்க எதிர்ல லாரி வராது."